மேசைமேல் நடந்த பெனால்டி கார்னர்கள்

காரெயண்ட பெள்ளியப்பா குடகில் கோணிகொப்பல் கல்லூரியில் ஹாக்கி சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தபோது அவர் மீசை கறுப்பு, மைதானம் சரிவு. முப்பத்திரண்டு வருடத்தில் மீசை வெளுத்துவிட்டது. மைதானம் இன்னும் சரிவுதான். கொஞ்சம் பலமாக அடித்தால் பந்து நேரே ஓடைக்குப் போய்விடும். வெளியூர் டீம் வந்து முகம் சுளித்தால், அந்தச் சரிவு கண்ணுக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது என்று கூசாமல் சத்தியம் செய்வார்.

மழைக்காலம் பிறந்தால் அந்த மைதானத்தில் நாற்று நடலாம், அவ்வளவு சேறு. மற்ற கல்லூரிகளில் மட்டையை மூலையில் சாத்திவிட்டு மூன்று மாதம் தூங்குவார்கள். பெள்ளியப்பா தூங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் காபி காயவைக்கும் சிமெண்டுக் களம் மழையில் சும்மாதானே கிடக்கிறது, அங்கே பிள்ளைகளை இறக்கினார். நனைந்த சிமெண்டில் பந்து பாம்பு மாதிரி வழுக்கி ஓடும். விழுந்தவன் முட்டியில் தோல் மிஞ்சாது. ஆனால் அதே பிள்ளைகள் பெங்களூரில் செயற்கைப் புல் தரையில் முதல் தடவை ஆடியபோது, பட்டணத்துப் பையன்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இவர்கள் கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் களத்தில் முட்டி தேய்ந்தவர்கள் பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் பாங்குக்கும் போனார்கள். பயிற்சிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் கோல் முன்னால் உட்கார்ந்து களை பிடுங்க வேண்டும். இன்றைக்குக் குடகில் பெரிய நாற்காலியில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் களையைப் பிடுங்கியவர்கள். அதை ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

வெளியே இத்தனை பெருமை. வீட்டுக்குள் வந்தால் கதை வேறு.

குடகில் ஒவ்வொரு வருடமும் சித்திரை வெயிலில் குடும்ப ஹாக்கித் திருவிழா நடக்கும். ஒரு வீட்டுப் பெயருக்கு ஒரு டீம். பாட்டனும் ஆடலாம், பேரனும் ஆடலாம், பெண்களும் ஆடலாம். கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் ஒரு கட்டு உண்டு: பிறந்த வீட்டுக்கு ஆடினால் அந்த வருடம் புகுந்த வீட்டுக்கு ஆடக்கூடாது. காரெயண்ட குடும்பம் இருபத்திரண்டு வருடம் பெயர் கொடுத்தது. இருபத்திரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தது.

காரணம் ஒன்றே ஒன்றுதான். குடும்பத்தில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பெரியப்பா மகன் காளய்யா இவரைவிட ஆறு மாதம் மூத்தவர். அந்த ஆறு மாதத்தை அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். பெள்ளியப்பா விசிலை வாயில் வைத்தால் போதும், "டேய் பெள்ளி, அதைக் காலேஜ்ல போய் ஊது" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவரவர்க்குப் பிடித்த இடத்தில் போய் நிற்பார்கள். ஒரு வருடம் நான்கு பேர் சென்டர் ஃபார்வர்ட்.

வைகாசியோடு பெள்ளியப்பாவுக்கு ஓய்வு. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, இரண்டாம் சுற்றுக்குக் காரெயண்ட டீம் வரலாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுவிட வேண்டும். கோப்பை வேண்டாம், மாலை வேண்டாம். அந்தப் பெயர் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி தேச்சம்மாவிடம் மட்டும் சொன்னார், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே.

சாப்பாட்டு மேசைதான் அவருக்குப் பாடசாலை. உப்புக் கிண்ணம் கோல்கீப்பர். கரண்டிகள் தடுப்பவர்கள். காபிக் கொட்டை பந்து. பெனால்டி கார்னர் ஒவ்வொன்றையும் அந்த மேசையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்வார். அதற்கெல்லாம் சைகை வேறு உண்டு. காதைத் தொட்டால் இடது பக்கம். தொப்பியைக் கழற்றினால் நேரடி அடி. மூக்கைச் சொறிந்தால் நடுவில் தட்டிவிட்டு வலதில் அடி. தேச்சம்மா ஒரு கையில் அரிசிமாவு அக்கி ரொட்டியும் ஒரு கையில் பன்றிக் கறியுமாக வந்து, "ஏங்க, உங்க கோல்கீப்பரை எடுத்துக்கறேன், குழம்புல உப்புப் பத்தல" என்பாள். அவர் தலை நிமிராமல் கிண்ணத்தை நகர்த்துவார். முப்பது வருடம் அப்படியே போயிற்று.

அந்த வருடம் குலுக்கல் நடந்தது. காரெயண்டவுக்கு எதிராக வந்தது பொடியேரிர குடும்பம், தேச்சம்மாவின் பிறந்த வீடு.

பெள்ளியப்பா மனக்கணக்குப் போட்டார். பொடியேரிர டீமில் நான்கு பேர் அவரிடம் களை பிடுங்கியவர்கள், அவர்களின் பலவீனமெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதோடு அவர்கள் கோல்கீப்பர் ஜீப் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு கட்டோடு திரிகிறான். சாமியே கண் திறந்துவிட்டது என்று நினைத்தார். அதுவரை குடும்பத்துக்காரர்களைக் கெஞ்சியவர், அந்த வாரம் மிரட்டினார். ஆச்சரியம், ஏழு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். காளய்யா நாற்காலியோடு வந்தார்.

போட்டி அன்று காலை வாலகா மேளம் முழங்க, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் ஒரு வெடி வெடித்துத் தொடங்கினார்கள். பதினோராவது ஆள் கிடைக்காமல் பெள்ளியப்பாவே உள்ளே இறங்கியிருந்தார். எதிர்ப்பக்கக் கோலைப் பார்த்தார். கால் கவசமும் தலைக்கூடுமாக ஓர் உருவம் நின்றது. அது மட்டையால் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலைக்கூட்டைத் தூக்கி மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டது.

தேச்சம்மா.

"நீ எங்க இங்க?" என்றார்.

"தம்பி கேட்டான், வந்தேன்."

"உனக்குக் கோல் நிக்கத் தெரியுமா?"

"காலேஜ்ல நாலு வருஷம் நின்னேன். பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பா சொன்னாரே. நீங்க அப்போ கறி தின்னுட்டிருந்தீங்க."

மாவட்டத்தில் எந்தச் சந்தில் எந்தப் பிள்ளை கோலிக்குண்டை ஒழுங்காகத் தடுத்தாலும் மோப்பம் பிடித்துப் போய் நிற்பவர் அவர். நாலு வருடம் கோல் நின்றவள் முப்பது வருடமாக எதிரில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். டீமுக்கு வாயேன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. திருவிழா நாளில் வருகிற விருந்தாளிக்கு யார் சமைப்பது என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

முதல் பாதியில் பொடியேரிர ஒரு கோல் போட்டார்கள். போட்டவன் இவர் மாணவன்தான், போட்டுவிட்டு, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றான். அது கோலைவிட வலித்தது.

அப்புறம் காரெயண்டவுக்கு முதல் பெனால்டி கார்னர். பெள்ளியப்பா காதைத் தொட்டார். கோலுக்குள்ளிருந்து, "இடது பக்கம்" என்று நிதானமாகக் குரல் வந்தது. பந்து வருவதற்கு முன்பே அங்கே இரண்டு பேர் நின்றார்கள். இரண்டாவது கார்னரில் தொப்பியைக் கழற்றினார். "நேரா அடிப்பாரு." மூன்றாவதில் மூக்கைச் சொறியக் கை போனது, பாதியில் இறக்கினார். அதற்கும் அவள், "மூக்குதான், வலது பக்கம் போங்க" என்றாள். கரையில் உட்கார்ந்திருந்த பழைய மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்திரண்டு வருட வித்தை முழுவதும் உப்புக் கிண்ணத்தின் சொந்தக்காரிக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நான்காவது கார்னர் கிடைத்தது. பெள்ளியப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். காளய்யாவிடம் போய், "அண்ணா, உன் இஷ்டம்" என்றார்.

காளய்யா திகைத்துப்போனார். மீறுவதற்கு ஒரு கட்டளை இல்லாமல் அவர் ஹாக்கி ஆடியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து ஒருவன் ஷூவில் பட்டு, இன்னொருவன் மட்டையில் பட்டு, வலைக்குள் போயிற்று. யாரும் திட்டமிடாததை யார் தடுக்க முடியும்? ஒன்றுக்கு ஒன்று.

முடிவுக்காக டீமுக்கு ஐந்து பெனால்டி ஸ்ட்ரோக். பொடியேரிரவின் ஐந்தும் முடிந்து நான்கு கோல். காரெயண்டவுக்கு நான்கு அடியில் மூன்று கோல். ஐந்தாவது பெள்ளியப்பாவுடையது. உள்ளே போனால் ஆட்டம் நீளும், தவறினால் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு.

பந்தை வைத்தார். கோலின் இடது மூலையை ஒரு பார்வை பார்த்தார், பிறகு வலது மூலைக்குத் தள்ளினார். அருமையான தள்ளல். ஆனால் அவர் தோள் அசைவதற்குள் தேச்சம்மா வலது பக்கம் பாய்ந்து கால் கவசத்தால் உதைத்துத் தள்ளிவிட்டாள்.

ஒலிபெருக்கியில் பொடியேரிர என்ற பெயர் மூன்று தடவை வந்தது.

ஜீப்பில் வீடு திரும்பினார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்: "வலது பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பெரிய கறித்துண்டு எடுக்கும்போதும் நீங்க இப்படித்தான். சின்னத் துண்டை ஒரு பார்வை பாப்பீங்க. அப்புறம் பெரிசை எடுப்பீங்க."

இன்னும் ஒரு மைல் போயிற்று. "ஜெயிக்க விட்டிருக்கலாம்ல தேச்சு. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். விட்டுக்கொடுத்து வர்ற பேரு உங்களுக்கு வேணுமா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் எங்களுக்கு நிப்பியா?"

"இதைக் கேக்க முப்பது வருஷமா?" என்றாள் தேச்சம்மா. "யோசிச்சுச் சொல்றேன்." யோசிக்க அவள் எடுத்துக்கொண்டது நான்கு மாதம். கேட்காமல் விட்டவருக்கு அது குறைவு என்றுதான் நான் சொல்வேன்.

மறு வருடம் காரெயண்ட டீமுக்குப் பயிற்சி அதே காபிக் களத்தில் நடந்தது. பெள்ளியப்பா விசில் ஊதவில்லை. கோலுக்குள்ளிருந்து தேச்சம்மா கணவரின் அண்ணனைப் பார்த்து, "காளய்யா பாவா, பின்னாடி வாங்க" என்பாள். காளய்யா வாய் திறக்காமல் பின்னால் வருவார். கறி பரிமாறுகிற கையோடு யார் சண்டை போடுவார்கள்? முதல் சுற்றில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். ஒலிபெருக்கிக்காரன் அந்தப் பெயரை அதுவரை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டதில்லை, அதனால் ஒரு தடவை நிறுத்தி, காகிதத்தைச் சரிபார்த்துவிட்டு, மறுபடியும் சொன்னான். ஆக, பெள்ளியப்பாவுக்கு அது இரண்டு தடவை கிடைத்தது.

இரண்டாம் சுற்றில் ஏழு கோல் வாங்கினார்கள். அதை அந்த வீட்டில் யாரும் எண்ணுவதில்லை.