மழை லீவும் நொடிக்குப் பத்து அழைப்பும்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் தென்னூரில் என் அலுவலகத்துச் சர்வரிலிருந்து ஒரே காலையில் போகிற அழைப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இந்த ஊரில் எவனும் வர முடியாது. பள்ளிக்கூடங்களுக்காக இண்டர்நெட் வழியே குரல் செய்தி அனுப்புகிற தொழில். எஸ்டிடி பூத்தில் ஆரம்பித்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் இதுவரை வந்திருக்கிறேன்.

மழைக்காலம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கலெக்டர் லீவு விட்டால் பெற்றோருக்குச் சொல்லவேண்டியவன் நான். வாட்ஸ்அப்பில் பொய் லீவு சுற்றுவதால், பெரிய கான்வென்ட்டின் தலைமையாசிரியை சிஸ்டர், செய்தி தன் குரலிலேயே போகவேண்டும் என்பார். ஒருமுறை வேன்கள் கிளம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. “இன்னொரு தடவை பிள்ளைங்க மழையில வந்து நின்னா, நான் வேற ஆளப் பாத்துக்குறேங்க” என்று சொல்லிவிட்டார். அவர் போனால் மற்ற பள்ளிகளும் பின்னாலேயே போகும்.

அடுத்த மழையன்று ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டுவதற்குள் தொப்பலாகிவிட்டேன். சர்வரைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் பெண்ணும் ஸ்ரீரங்கம்தான். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கலெக்டரின் லீவு அறிவிப்பு வந்தது, சிஸ்டரும் தன் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டார். நொடிக்கு இத்தனை அழைப்புதான் என்று ஒரு வரம்பு வைத்திருப்போம்.

“ஏத்தும்மா, நல்லா ஏத்து” என்றேன். முப்பதாக்கினாள்.

கொஞ்ச நேரம் திரையில் பச்சை ஓடியது. பிறகு பார்த்த இடமெல்லாம் சிவப்பு.

“என்னாச்சு?”

“லைன் அத்தனையும் ஃபுல் ஆயிடுத்து சார். உள்ள வர்ற கால்தான் ஜாஸ்தி.”

ஒன்றை எடுத்துக் கேட்டேன். யாரோ ஒரு அம்மா.

“நெசமாவே லீவுதானுங்களா?”

“சிஸ்டர் குரல் கேக்கலையா?”

“கேட்டுச்சுங்க. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு...”

அடுத்ததும் அதே கேள்வி. பொய் லீவில் ஏமாந்தவர்கள், செய்தி கேட்ட கையோடு திரும்பக் கூப்பிட்டார்கள். லைன்களை அவர்கள் பிடித்துக்கொண்டதால் போகவேண்டிய அழைப்பு போகவில்லை. போகாததைச் சர்வர் மறுபடி மறுபடி போட்டு இன்னும் அடைத்தது.

“பத்தா இறக்கிடறேன் சார்.”

“ஏத்தச் சொன்னா இறக்குறேங்கிறியே! வேன் கிளம்பிரும்மா.”

“மெதுவாப் போனாத்தான் சார் போகும். ஒரே நேரத்துல அத்தனை பேர் திருப்பிக் கூப்பிட மாட்டா.”

“தப்பாப் போச்சுன்னா?”

“இப்ப மட்டும் சரியாவா போறது? செத்த உக்காருங்கோ சார், நீங்க சுத்தறதுல எனக்குத் தலை சுத்தறது.”

எங்கே உட்கார? “அப்ப பேர் வரிசை வேணாம். மண்ணச்சநல்லூர் வேன்காரன்தான் முதல்ல வண்டிய எடுப்பான். தூரத்துப் பிள்ளைங்களுக்கு முதல்ல போடு” என்றேன். இந்த ஊர் ரோட்டிலேயே வளர்ந்தவனுக்குத்தான் அது தோன்றும். அவளும் “பேஷ்” என்று சொல்லி வரிசையை மாற்றினாள்.

பத்தில் விட்டதும் சிவப்பு குறைந்தது. ஆனால் அழைப்புகள் ஊர்ந்தன. வாசலுக்கும் திரைக்குமாக நடந்தேன். இன்னும் இரண்டு கூட்டச் சொல்ல வாய் வந்தது. அவள் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். தூரத்து ஊர்கள் முடிந்து வரிசை ஊருக்குள் வந்தபோது சிஸ்டரே கூப்பிட்டார்.

“வேன் ஒண்ணும் கிளம்பலைங்க. ஆனா ரெண்டு குட்டிங்க நடந்தே வந்து நிக்குதுங்க. உங்க ஆபீஸ் பின்தெருவாம்.”

பள்ளிக்குப் பக்கத்துத் தெரு என்பதால் அவர்கள் வீடு வரிசையில் கடைசி. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். போர்டிகோவில் அக்காவும் தம்பியும் நனைந்த சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

“நானே வீட்ல விட்டுர்றேன் சிஸ்டர். மத்த அத்தனை பேருக்கும் நேரத்துக்குச் சொல்லியாச்சுல்ல?”

சிஸ்டர் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சொன்னீங்க. அடுத்த மழையையும் பாத்துட்டு முடிவு பண்றேங்க.”

அன்று சாயங்காலமே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.