நோட்டில் எழுதிய பேர்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. சென்னையில் இருக்கும் மகன், வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் போனில் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிக்கட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து செல்வி வந்தாள். கூச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலே கேள்விகளை வாசித்தேன்.

"மருந்துப் பேர் படிப்பியா, கண்ணு?"

"படிக்க வராதுங்கம்மா. ஒருக்கா காட்டுனா மறக்க மாட்டேனுங்க."

பேசிக்கொண்டே எழுந்து போய், "ஏனுங்கய்யா, முதுகு உறுத்துதுங்களா?" என்று அவருக்கு அடியில் கசங்கிக் கிடந்த துணியை நீவிவிட்டாள். கோணிய வாயோடு அவர் சிரித்தார். மகன் கேட்பானே என்று அவள் பேரை அதே நோட்டில் எழுதிக்கொண்டேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"படிக்கத் தெரியாதவங்க வேண்டாம்மா" என்றான் மகன். அன்றே வேறு ஆளைப் பேசி முடித்தான்.

மறுநாள் காலையில் செல்வி துணிப்பையோடு வாசலில் நின்றாள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டாளாம்.

"நான் இன்னும் சொல்லியே அனுப்பலையே?"

"பேர் எழுதிட்டீங்களேம்மா!"

எஸ்டேட்டில் மேஸ்திரி நோட்டில் பேர் ஏறினால் வேலை உறுதி. முப்பது வருஷம் கொழுந்து பறித்த எனக்கு அது தோன்றாமல் போனதே!

விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் கேள்விக்குங்கம்மா நான் தப்பா சொன்னேன்?"

எதுவும் தப்பில்லை என்றேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்காமலே போய்விட்டாள்.

சரியான ஆள் அவள்தான் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். அதை மகனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.