சொல்லிவிட்டு அளந்த வேகம்

தொண்ணூறுகளின் கடைசியில், தனியார் கம்பெனிகள் கோவையில் இன்டர்நெட் விற்க ஆரம்பித்தபோது, கணபதியில் ஒரு பம்ப் கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். ஆபீசில் கம்ப்யூட்டருக்குப் பயப்படாதவன் நான் ஒருவன்தான் என்பதே தகுதி. விஷயம் தெரிந்தவர்கள் பயப்பட்டார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

வளைகுடாவில் ஒரு வியாபாரி எங்கள் பம்புகளைக் கேட்டிருந்தார். வரைபடங்களை இ-மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்டளை. டெலிபோன் லைனில் டயல் செய்து உள்ளே நுழைகிற காலம். ஊரில் இரண்டு கம்பெனிகள் இணைப்பு கொடுத்தன.

"எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு கண்ணு," என்றார் முதலாளி. "படம் நேரத்துக்குப் போகலைன்னா அந்தாளு வேற பக்கம் போயிருவான்."

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். இணைப்பு கிடைக்குமுன் மோடம் பெட்டி எவ்வளவு சீக்கிரம் கத்தி முடிக்கிறதோ அவ்வளவு நல்ல கம்பெனி என்றார் பக்கத்து பவுண்டரிக்காரர். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டி, எங்கள் தெருவில் ஆபீஸ் வைத்திருந்த இன்னொருவர், அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பும் பேரன் படத்தை வைத்து அளந்தார்.

"என்ர கம்பெனி பரவால்லீங்க. ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள நெத்தி வரைக்கும் வந்துருதுங்க."

"நீங்க காபியை மெதுவாக் குடிக்கறீங்களோ என்னமோங்க," என்றார் பவுண்டரிக்காரர்.

அரைநாள் சண்டை போட்டார்கள், ஒரு 'ங்க' குறையாமல்.

பம்பை நாங்கள் இப்படி அளப்பதில்லை. ஒரே தொட்டி, ஒரே உயரம், ஒரே வோல்டேஜ். அதற்கப்புறம்தான் எந்த பம்ப் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்ற பேச்சே. இன்டர்நெட்டுக்கும் அதையே வைத்தால் என்ன? ஒரே மோடம், ஒரே டெலிபோன் லைன், ஒரே வரைபடம். டயல் செய்வதிலிருந்து மெயில் போய்ச் சேரும்வரை கடிகாரம். மூன்று பேரும் இதற்கு ஒப்புக்கொண்டோம். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்ததுதான் மிச்சம்.

சோதனைக்கென்று இரண்டு கம்பெனிகளும் இலவச இணைப்பு கொடுத்திருந்தன. அளப்பதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் போன் போட்டேன். பெண் பார்க்கப் போனால்கூட முன்னாடியே சொல்லிவிட்டுத்தானே போகிறோம்?

"ஏனுங்க, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்களை அளக்கறோமுங்க. சொல்லாம அளந்தா நல்லா இருக்காதுங்களே."

"ரொம்ப சந்தோஷமுங்க சார்!"

மறுநாள் இரண்டும் முதல் டயலிலேயே பிடித்துக்கொண்டன. படம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டுக்கும் ஒரே நேரம். என் அளவுகோல் கையை விரித்துவிட்டது. ஒரு கம்பெனிக்காரர் மட்டும் மைசூர்பாவோடு நேரில் வந்து நன்றி சொன்னார். முதலாளி அவருடைய இணைப்பையே ஒரு வருஷத்துக்கு எடுத்தார். இரண்டு துண்டு என் வயிற்றுக்குள் இருந்ததால் நானும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த வியாழக்கிழமைதான் நிஜமான வரைபடம் போக வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மத்தியானத்துக்குள் போகாவிட்டால் ஆர்டர் அடுத்தவனுக்கு. டயல் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடி செய்தேன். மறுபடியும் எங்கேஜ்டு. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டார்.

மைசூர்பா கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு அளக்கறீங்களா சார்? சொல்லவே இல்லீங்களே!" குரலில் நிஜமான வருத்தம்.

என்னைக் கேட்காமலே என் வாய் பேசியது: "ஆமாங்க. இப்பத்தான் ஆரம்பிச்சோம்."

"அடடா, ஒரு நிமிஷம் இருங்க. லைன் காலி பண்ணித் தாரேன்."

அடுத்த டயலில் மோடம் கத்தியது. படம் போனது. கொஞ்ச நேரத்தில், 'கிடைத்தது, பம்புகளை அனுப்பலாம்' என்று பதிலும் வந்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். "நீ அளந்தது அளந்ததுதான் கண்ணு!"

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது பவுண்டரிக்காரர் உள்ளே வந்தார். அவருக்கும் அதே கம்பெனி இணைப்புதான்.

"நல்லாப் போயிட்டிருந்த மெயிலைப் பாதியில அறுத்துப்போட்டானுங்க!"

காலியான லைன் யாருடையது என்று எனக்கு அப்போது புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இரும்பு உருக்குகிறவர், சூடு அவருக்குப் புதிதில்லை. யோசித்தார்.

"சொல்லிப்போட்டு அளந்தா இப்படித்தானுங்க ஆகும். இனிமேல் சொல்லாமத்தான் அளக்கோணும். அதையும் நம்ம முறையில சேர்த்துக்குங்க. செவ்வாக்கெழமை அளந்து பார்த்துருவோம்."

"சரிங்க," என்றேன்.

வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார். "செவ்வாக்கெழமை சொல்லாம அளக்கப் போறோம்னு அவங்க காதுல மட்டும் ஒரு வார்த்தை போட்டுருங்க. பாவம், தப்பா நெனைச்சுக்குவாங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. போனை எடுத்தேன்.