வட்டமும் வளையமும்

எதிரில் வருபவரின் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். பெல்ட் பக்கிளில் சிங்கமோ கிரீடமோ தெரிந்தால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். குனிந்து உற்றுப் பார்த்து, "சும்மா தகடு, நேத்து அடிச்சது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் இதே கதைதான். "இவரோட போனா என் மானம் போகுது" என்று மனைவி அவரோடு வருவதையே நிறுத்திவிட்டாள். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பக்கிள்காரர்.

தொழில் சாவி செய்வது. பேருந்து நிலையச் சுவரோரம், ஒரு ஆள் உட்காரும் இடம். எந்தப் பூட்டைக் கொண்டுபோனாலும் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துச் சாவியைப் படியவைத்துவிடுவார். "அடங்காத பூட்டுன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்பார்.

வீட்டுச் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே பழைய பிரிட்டிஷ் ராணுவச் சீருடையின் பித்தளை பக்கிள்கள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஒரு பாதி, சிங்கமோ கிரீடமோ பொறித்த வட்டம். மறுபாதி, படைப்பிரிவின் பெயர் ஓடும் வளையம். வட்டத்தின் கொக்கியை வளையத்துக்குள் கொடுத்தால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஜோடி ஜோடியாக அளவு பார்த்துச் செய்தவை. ஒன்றின் வட்டம் இன்னொன்றின் வளையத்தில் உட்காராது.

எல்லாம் அப்பா சேர்த்தவை. அவர் போனதும் அண்ணனுக்கும் இவருக்கும் பாகம் பிரிப்பதில் வாய்த்தகராறு முற்றியது. கடைசியில் வீம்புக்கு ஒவ்வொரு பக்கிளையும் கழற்றினார்கள். வட்டமெல்லாம் தம்பிக்கு, வளையமெல்லாம் அண்ணனுக்கு. உலகத்தில் வேறு யாரும் இப்படிப் பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். அதோடு பேச்சும் நின்றது.

அண்ணன் வாசலில் போய் நிற்பதா என்று இவருக்கு ரோஷம். பழைய சாமான் கடைகளில் வேறு வளையங்களைத் தேடிப் பிடித்தார். பொருந்தவில்லை. கையில்தான் அரம் இருக்கிறதே. கொக்கிகளை ஒவ்வொன்றாக அராவி, கிடைத்த வளையத்துக்குப் படியவைத்தார். சுவர் நிறைந்தது.

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். இவர் அந்த வீட்டில் ஒரு மூலையில் நின்றுவிட்டுத் திரும்பினார். அன்று அவர் யாருடைய இடுப்பையும் பார்க்கவில்லை.

நேற்று அண்ணி வந்தார், கையில் ஒரு தகர டப்பாவோடு.

"இதை யாரையும் தொடக்கூட விடமாட்டார் தம்பி. 'என்னைக்காவது அவன் வட்டத்தை எடுத்துக்கிட்டு வருவான், அப்ப சரியாச் சேரணும்'னு எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருந்தார். ஒண்ணாவது சேர்றதை நான் பார்த்துட்டுப் போறேனே."

வளையங்கள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. பக்கிள்காரர் பெட்டியைத் திறந்து சிங்க வட்டத்தை எடுத்தார். அதற்குரிய வளையத்தைத் தேடிக் கொடுத்துப் பார்த்தார். தேய்ந்த கொக்கி பிடிக்காமல் வழுக்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. அராவிக் கொட்டிய பித்தளைத் தூளை இனி எங்கே போய்ப் பொறுக்குவது?

"சேருதா தம்பி?"

"சேராம என்ன அண்ணி."

இரண்டு பாதியையும் ஒட்டவைத்து, பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அண்ணியின் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரல் வெளுத்தும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை.