மாமா வளர்த்த பாசி

எங்கள் ஊரில் கிணற்றடியில் பாசி பிடித்தால், வழுக்கி விழுந்துவிடுவோம் என்று சுரண்டி எறிவார்கள். உம்மாவின் தம்பியான என் மாமாவோ அதை வீட்டுக்குள் வளர்க்கப் புறப்பட்டார். கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகுதான் அவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது.

விறாந்தையில் மாமாவின் மீன்தொட்டி இருந்தது. அதன் மேலே ஒரு தட்டு வைத்து, தட்டில் பழைய வலைத் துண்டை விரித்தார். சின்ன மோட்டார் ஒன்று தொட்டித் தண்ணீரை ஏற்றி வலைமேல் ஓடவிடும். வலையில் பாசி பிடித்தால் அதுவே அழுக்கைத் தின்றுவிடும், யாரும் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை என்று எங்கோ வாசித்திருந்தார். ஆனால் பாசிக்கு வெளிச்சம் வேண்டும். கலியாணச் செலவு கழுத்தை நெரித்த நேரம், டியூப் லைட் வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

முதலில் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். அந்தச் சூட்டில் வலை கருவாடாகக் காய்ந்தது. பிறகு, பள்ளிவாசல் கந்தூரி விழாச் சோடனையில் மிஞ்சிய பச்சை பல்ப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்.

“பச்சப் பாசிக்கிப் பச்ச வெளிச்சந்தான் புள்ள பொருத்தம்” என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தொட்டி கந்தூரி நேரத்து மினாரா போல் ஜொலித்தது. பாசி மட்டும் வரவில்லை. தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவை செத்துப்போகுமோ என்ற பயத்தில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மாமாவும் தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

“நாளைக்கி மாப்பிள, இண்டைக்கும் மீனோடயா கூத்து? தண்ணிய மாத்தினாச் சரிதானே!” என்று உம்மா ஏசினார்.

“இனி ஆர் ராத்தா மாத்துற?”

உம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மாமா தண்ணீரை மாற்றினார். பிறகு தன் அறைச் சுவரிலிருந்த குட்டி டியூப் லைட்டைக் கழற்றி வந்து தட்டின் மேல் கட்டினார்.

“அப்ப உங்கட அறைக்கு லைட்டு?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னத்துக்குப் புள்ள இனி?”

மாமி வரும்போது புது லைட் வாங்குவார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். என் வாப்பாவும் அப்படி இந்த வீட்டுக்கு வந்தவர்தான். அதெல்லாம் அந்த வயதில் என் தலைக்குள் ஏறவில்லை.

மறுநாள் மாமா மாப்பிள்ளையாகிச் சம்மாந்துறையிலுள்ள பெண்வீட்டுக்குப் போனார். பாசி மெல்ல மெல்லச் சடைத்து வளர்ந்தது; தண்ணீர் தெளிந்து, மீன்கள் கொழுத்தன. மாமாவும் மாமியும் வந்து இறங்கும்போது தூசியாகக் கிடக்கக்கூடாதே என்று, லைட் இல்லாத அந்த அறையை நான் தினமும் கூட்டி வைத்தேன்.