நிழலில் இரண்டு நாள்

தூத்துக்குடிப் பக்கம் கடலோரச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி எட்டுக் குப்பி மண் அள்ளினேன். அதிலிருந்து யாரும் இதுவரை பார்க்காத பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தால்தான் எனக்கு முனைவர் பட்டம். மதுரையில் ஆய்வகத்துக்கு விடுமுறை. குப்பிகளோடு அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஈரம் போகாமலிருக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

"சேத்த இங்கன வச்சா மாவ எங்கன வைக்க?" என்றார் அம்மா. மாவு பக்கத்து வீட்டுக்குப் போனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் ஒவ்வொரு குப்பியிலும் 'திறக்காதே' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு, தோழி கல்யாணத்துக்குக் காரியாபட்டி போனேன். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் கிளம்பிவிட்டது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பினால், பின்பக்கத் தகரச் சாய்ப்பின் நிழலில் எட்டுக் காக்கித் தாள்கள். ஒவ்வொன்றிலும் என் மண் சீராகப் பரப்பப்பட்டு, மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. எது எதுவென்று மாறாமல், தாளின் தலைமாட்டில் அதனதன் குப்பி. ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் அப்பா காவல்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர். என் மண்ணோ சாம்பல் நிறம், ஊடே மினுமினுப்பு, தொட்டால் ஈரம். அவர் கணக்கில் அது அலுமினியப் பொடி கலந்த மருந்து.

"ஈர மருந்த மூடி வச்சா தானாச் சூடேறிப் பத்திக்கிரும் தாயி. படிச்ச புள்ள செய்ற வேலையா இது?"

"யப்பா, அது கடல் சேறு! உள்ள உசுரு இருந்துச்சு!"

"நாஞ் சொன்னேன், கேட்டாகளா?" என்றார் அம்மா. "'மினுங்குற சேறு உங்கப்பன் ஊர்லயா இருக்கு'ன்னு எங்கிட்டயே கேட்டாக."

அழுதுகொண்டே காய்ந்த மண்ணைச் சுரண்டிக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். என் வழிகாட்டியான பேராசிரியையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது.

"வேகமா வளர்றதெல்லாம் காய்ஞ்சு செத்திருக்கும். மெதுவா வளர்றது ஏதாவது தப்பிச்சிருக்கலாம். வளர்த்துப் பாரு."

உப்பு கலந்த தட்டுகளில் வளர்த்தேன். மூன்று வாரம் கழித்து சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று எழும்பியது. அதன் மரபணு, பதிவிலுள்ள எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை.

"கடல்ல இருந்ததா, உங்க வீட்டுத் தூசியா?" என்றார் பேராசிரியை.

உப்பில்லாத தட்டில் அது வளர மறுத்தது. கடலுக்குரியதுதான் என்று தோன்றியது; நிரூபிக்க அது மட்டும் போதாது. மறுபடி அதே சேற்றில் இறங்கி அள்ளி, இந்த முறை ஆய்வகத்திலேயே காயவைக்க வேண்டும். குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"யப்பா, எம்புட்டு கனத்துக்குப் பரப்புனீக?"

"தீக்குச்சி கனம். நெழல்ல ரெண்டு நாளு. வெயிலு காட்டப்படாது. மரக்கரண்டிதான், இரும்பு பட்டாப் பொறி பறக்கும்."

சேற்றில் பொறி பறக்காது. இருந்தாலும் மரக்கரண்டியே வாங்கினேன். அதே சுண்ணாம்புப் பொட்டு மறுபடியும் வந்தது.

கட்டுரை அச்சானதும் வீட்டில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"எம் பேரு இருக்கா?" என்றார் அப்பா.

"பேரு இல்லப்பா. நீங்க செஞ்சது இருக்கு. மெலிசாப் பரப்பி, நிழல்ல ரெண்டு நாள்."

அப்பா கட்டுரையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"பக்கத்துல வாளித் தண்ணி வைக்கணும்னு எழுதலியாக்கும்?"