ஆயுத பூஜையும் மீன்தொட்டிப் பம்பும்

என் கணவர் கப்பல் பட்டறையில் பம்புப் பொறியாளர். கப்பலுக்குள் எந்தத் தண்ணீர் எங்கே எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. அப்படிப்பட்டவர் கையில் இரண்டடி மீன்தொட்டி ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது; கடையில் ஒரு கறுப்பு கோல்ட்ஃபிஷ் முட்டைக் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது; வாங்கிவிட்டேன்.

அதற்கு வால் பெரிது, தெம்பு குறைவு. அது நீந்துவதே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவது மாதிரி இருக்கும்.

தொட்டிக்குச் சரளைக்கல்லின் அடியில் வைக்கும் ஃபில்டர் வாங்கினோம். ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு, அதன்மேல் கல், மூலையில் ஒரு குழாய், குழாயின் தலையில் சின்னப் பம்பு. பம்பு குழாய் வழியாக நீரை மேலே இழுக்க, தொட்டித் தண்ணீர் கற்களின் இடுக்கில் கீழே இறங்கும். கற்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மீனின் கழிவைத் தின்று தீர்க்கும். அவற்றுக்கும் மூச்சு வேண்டும், ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன வேகத்தில் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது.

"ஸ்மால் டேங்க், ஸ்மால் பம்ப் கேன் லா" என்றார் கடைக்கார அங்கிள். சின்னத் தொட்டிக்குச் சின்னப் பம்பே போதுமாம்.

"மார்ஜின் வேணும்" என்றார் இவர் என் பக்கம் திரும்பி. கப்பலில் தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் பம்பு போடுவார்களாம். இவர் அகராதியில் கொஞ்சம் என்றால் இரண்டு மடங்கு. அங்கிளுக்கு என்ன வந்தது, சிரித்துக்கொண்டே பெரிய பம்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஸ்விட்சைப் போட்டதும் மீன் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. போட்ட தீனி தொட்டியைச் சுற்றிப் பறந்து, மீன் வாயைத் திறப்பதற்குள் கல்லுக்குள் போய்விட்டது.

"எக்சர்சைஸ் ஆகட்டும் விடு. குண்டா இருக்குல்ல" என்றார். சொன்னவர், லிஃப்ட் பழுதானால் சரிசெய்யும்வரை கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடுகிறவர்.

பம்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது. காலையில் அவர் கிளம்பியதும் நான் குறைப்பேன். மாலையில் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கூட்டுவார். ஒருமுறை ரோஷத்தில் நான் ஒரேயடியாகக் குறைத்துவிட, தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி கலங்கிவிட்டது. அன்று அவர் முகத்தில் இருந்த பூரிப்பைச் சம்பளம் ஏறிய நாளில்கூட நான் பார்த்ததில்லை. கடைசியில் சமாதானத்துக்கு வந்தோம். மீனின் வால் பின்னால் இழுபடக் கூடாது, தண்ணீரும் கலங்கக் கூடாது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, திருகின்மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். சில மாதம் வீட்டில் நிம்மதி இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தேக்கா சந்தையில் பொரி, கடலை, சாமந்தி எல்லாம் வாங்கி வந்தோம். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது இவர் வீட்டிலுள்ள ஆயுதங்களைத் திரட்டியிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் ஸ்பானர், திருப்புளி, மடிக்கணினி, என் மிக்ஸி என வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. நடுநாயகமாக, வாழையிலைமேல், துடைத்துப் பளபளவென்று மீன்தொட்டிப் பம்பு.

"ஏங்க, அதை ஏன் கழட்டுனீங்க?"

"ஆயுதத்துக்கு இன்னைக்கு ரெஸ்ட். நாளைக்கு நல்ல நேரத்துல எடுத்து மாட்டிடறேன்."

"அதுவரைக்கும் மீனு?"

"கப்பலே டாக்ல மாசக்கணக்கா நிக்குது. ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"

"கப்பல் மூச்சு விடுதா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, பூஜையில் வைத்ததைப் பாதியில் எடுக்க எனக்கும் கை வரவில்லை. சாமி காரியம். பம்பு பொட்டோடு ஓய்வெடுத்தது.

மறுநாள் காலை ஹாலில் அழுகிய முட்டை வாடை. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து, நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இவர் பதறிப்போய்ப் பம்பை எடுத்து மாட்டினார். "ஃபுல் ஸ்பீட்ல விட்டா எல்லாம் ஃப்ளஷ் ஆயிடும்" என்று திருகைக் கடைசிவரை திருப்பி, ஸ்விட்சுக்குக் கை நீட்டினார். பாய்ந்து போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஃப்ளஷ் ஆகும்? கடலுக்கா போகும்? கல்லுக்கடியில செத்து நாறுனது மொத்தமும் மேல வந்து அது வாயிலதான் போகும்!"

கை நின்றது. கப்பல் அழுக்கைக் கடலில் விடும். தொட்டி அழுக்குத் தொட்டிக்குள்தான் சுற்றும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் மாற்றுவதற்காகக் குளோரினைப் போக்கும் மருந்து விட்டுக் குளியலறையில் வைத்திருந்த வாளிக்கு மீனைக் கையால் அள்ளிக் கொண்டுபோனேன். அவர் லீவு போட்டார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைய, நாறிய தண்ணீரை இறைத்து, கல்லை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினார்.

சாயங்காலம் மீனைத் தொட்டியில் விட்டோம். கொஞ்ச நேரம் அது அடியிலேயே அசையாமல் கிடந்தது. இவர் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்து, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார்.

"இது போதுமாம்மா? ஜாஸ்தியா இருக்கா? இன்னும் குறைக்கட்டுமா?"

கேட்டது மீனிடம். மீன் மெல்ல எழுந்து, வாலை விரித்து, ஒரு சுற்று வந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீன் பிழைத்ததில் எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் துண்டும் கையுமாகப் பின்னால் நின்றபடி நான் மேலே சுழலும் மின்விசிறியைத்தான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அது அவர் வைத்த வேகத்தில்தான் ஓடுகிறது. எனக்குப் போதுமா, ஜாஸ்தியா என்று மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை.